ஓர் அங்கம்மாவும் இரண்டு நிரைகளும்

"அப்ப இந்த அங்கம்மா ஆர், அந்த அங்கம்மா ஆர்?"

"ரெண்டும் நாந்தானுங்கய்யா."

"கம்பியூட்டர் ரெண்டு பேர் எண்டெல்லோ சொல்லுது. ஒராள் எண்பத்தாறில தோட்டத்தை விட்டுப் போயிட்டா. மற்றவ அதே நாள் எங்கயிருந்தோ வந்திருக்கிறா."

"போனவளும் நான், வந்தவளும் நான். நடுவுல அரைக் கட்டை தூரம் மழையில நடந்தேன், அவ்வளவுதான்."

"அந்த அரைக் கட்டையை இது எழுதேல்லை, அம்மா."

"அது எழுதலேன்னா நான் இல்லேன்னு ஆயிருமா? இந்தா, ஒங்க முன்னாடி குந்திக்கிட்டுல்ல இருக்கேன்."

பெருமதிப்புக்குரிய வீரசிங்கம் ஐயா அவர்களே!

பிரியாவிடை மடலைச் செய்யுளில் தொடங்குவதுதான் நம் அலுவலக வழக்கம். இந்த மாடியிலிருந்து இதுவரை ஓய்வுபெற்றுப் போன ஏழு பேருக்கும் அப்படித்தான் எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்தவரும் நீங்கள்தான். உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது எந்தச் செய்யுளும் பொருந்தவில்லை. 2005ஆம் ஆண்டு யூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, மேசைக்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் நமுனுகுலவிலிருந்து பஸ் ஏறி வந்த கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணும் பேசிக்கொண்ட இந்த ஆறு வரிதான் எங்களுக்கு ஞாபகத்தில் வந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம். முறைப்படி விளிப்பது இனி.

இடாப்புகளின் காவலரே! இரு விரலால் தட்டச்சிட்டே பதினோராயிரம் பேரைப் பதிந்த பொறுமையாளரே! பிழை கண்ட இடத்தில் பிறரைத் தேடாமல் முதலில் தன் கையெழுத்தைத் தேடும் பெருந்தகையே! ஐம்பத்தேழு வயதில் முன்வாங்கில் அமர்ந்து முப்பத்தெட்டுப் புள்ளி வாங்கி, அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமையும் முதல் ஆளாக வந்த மாணவரே! வணக்கம்.

1974இல் பருத்தித்துறையிலிருந்து புறப்பட்டு, பதுளையில் வந்து இறங்கினீர்கள். ஏன் பதுளை என்று கேட்டவர்களுக்கெல்லாம் "தண்டவாளம் முடிஞ்சுது, இறங்கீட்டன்" என்பதே உங்கள் பதில். அன்று முதல் முப்பத்து மூன்று ஆண்டுகள், ஊவாத் தோட்டக் குடும்பப் பதிவு நிலையம் என்னும் இந்தச் சிறிய அலுவலகத்தில் இலிகிதராய், பிரதம இலிகிதராய், பதிவு அலுவலராய்ப் பணியாற்றினீர்கள். தோட்டத்தில் யார் எந்தப் பிரிவில், எந்த லயத்து வீட்டுவரிசையில், எந்தக் காம்பரா அறையில், எந்த ஆண்டு முதல் இருந்தார் என்று இடாப்பில் எழுதிவைப்பதும், கேட்டு வருகிறவருக்கு அதை வதிவுக் கடிதமாகக் கொடுப்பதுமே நமது வேலை. பார்த்தால் சின்ன வேலை. ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அந்த ஒரு கடிதத்தின் வழியாகத்தான் அடையாள அட்டை. குடியுரிமைச் சட்டம் கேட்கிறபடி, அறுபத்து நாலுக்கு முன்பிருந்தே தொடர்ந்து இங்கே இருந்தவர் என்று காட்ட வேறு தாள் அவர்களிடம் கிடையாது.

1996இல் நிலையத்துக்கு முதல் கணினி வந்தது. அதற்கு உறை தைத்துப் போட்டவர்கள் மற்றவர்கள். உறையைக் கழற்றியவர் நீங்கள். இடாப்புகளை அதில் அட்டவணையாக்கினீர்கள். ஒரு காம்பராவில் ஒருவர் வந்து இருந்ததற்கு ஒரு நிரை. நிரையில் பெயர், தந்தை பெயர், கணவன் அல்லது மனைவி பெயர், பிறந்த ஆண்டு, வந்த நாள், போன நாள். ஆறு ஆண்டுகளில் பதினோராயிரத்து நானூற்று எண்பத்திரண்டு நிரைகள். ஆளுக்குத் தனி எண் வேண்டாமா என்று ஒருவர் கேட்டபோது, "காம்பராவே அடையாளம். காம்பரா எங்கயும் ஓடாது" என்றீர்கள். அன்று எல்லோரும் தலையாட்டினோம். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது ஆண்டு கழித்து வட்டியும் முதலுமாய் வேலை செய்ய வேண்டி வரும் என்று யாருக்கும் தெரியாது.

2004இல் கணினிக்குப் புதிய செய்நிரல் எழுதுவதென்று முடிவானது. அதற்காகக் கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேலே நடந்த சனிக்கிழமை வகுப்புக்கு நிலையத்திலிருந்து இருவர் போனார்கள். ஒருவர், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த நிரோஜன். மற்றவரை யாரும் அனுப்பவில்லை, நீங்களே போனீர்கள். படிப்பித்தவர் ஸல்மா. அவருக்கு அப்போது இருபத்து நாலு வயது. இன்று அவரும் இந்த நிலையத்தில் ஒருவர், இந்த மடலில் கையெழுத்திட்டவர். ஆகவே பின்வரும் பேச்சை அவர் வாயாலேயே கேட்டு எழுதுகிறோம்.

"சேர், முதல்ல ஆள் எண்டா என்னண்டு ஒருக்கா எழுதிவெச்சிட்டா, பொறகு அதப் பார்த்து எத்தின ஆளயும் உருவாக்கலாம்."

"உருவாக்கிறதோ? பிள்ளை, நான் முப்பது வருசமா ஆக்களை எழுதியிருக்கிறன். ஒருத்தரையும் உருவாக்கேல்லை."

"கம்பியூட்டர்ட நினைவுல, சேர்."

"அப்ப கரண்ட் போனா?"

"ஆளும் போயிடும்."

"நல்ல கதை! இதுக்கு என்ர இடாப்பு திறம்."

வகுப்பே சிரித்தது. ஸல்மா சிரிக்கவில்லை. பலகையில் இடப்பக்கம் ஓர் அட்டவணை வரைந்தார். வலப்பக்கம் ஒரு மனித உருவம், கையும் காலுமாக. "இந்தப் பக்கம் மறக்காது, ஆனா அசையாது. அந்தப் பக்கம் அசையும், ஆனா மறந்துடும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும், வயசக் கணக்குப் பார்க்கும், கடிதம் எழுதித் தரும். அதுக்குத்தான் பொருள் எண்டு பேர். படுக்கப் போற நேரம் பொருள நிரையா மடிச்சு வெக்கணும். எழும்புற நேரம் நிரைய விரிச்சுப் பொருளாக்கணும். நடுவுல ஒரு பாலம் வேணும், சேர். எங்கட வேலை முழுக்க அந்தப் பாலத்துலதான்."

உங்கள் கொப்பியில் அன்றைய திகதியின் கீழே மூன்று வரி இருக்கிறது. மேசையைச் சுத்தம் செய்தபோது பார்த்தோம். உங்கள் அனுமதியின்றி இங்கே எடுத்தெழுதுகிறோம். "நிரை: அன்று எழுதியது. பொருள்: இன்று நடமாடுவது. பாலத்தைக் கடக்கும்போது ஆள் மாறாமல் இருக்கிறாரா?" அந்த மாதப் பரீட்சையில்தான் உங்களுக்கு முப்பத்தெட்டுப் புள்ளி. நிரோஜனுக்குத் தொண்ணூற்றொன்று. ஆனால் அந்த மூன்றாவது வரியை நிரோஜன் எழுதியிருக்கவில்லை. அவரே இதை ஒத்துக்கொள்கிறார்.

பாலத்தை நிரோஜன் எழுதினார். எளிமையான பாலம்: ஒரு நிரையை வாசி, ஓர் ஆளை உருவாக்கு, அடுத்த நிரைக்குப் போ. பதினோராயிரத்து நானூற்று எண்பத்திரண்டு நிரை, பதினோராயிரத்து நானூற்று எண்பத்திரண்டு ஆள். எண்ணிக்கை அச்சாகப் பொருந்தியதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பணிஸும் பிளேன்டீயும் வாங்கிக் கொண்டாடினோம். எண்ணிக்கை பொருந்தியதுதான் பிழையின் அடையாளம் என்று அன்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. மூன்றாவது கிழமை, செய்நிரல் அச்சிட்ட இரண்டு கடிதங்களைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கம்மா படியேறி வந்தார்.

அடுத்த கிழமை வியாழன் ஹல்துமுல்லையில் நடமாடும் சேவை. அடையாள அட்டைக்கு அங்கேயே விண்ணப்பம் எடுப்பார்கள். ஒன்பது நாள் இருந்தது. ஒரு கடிதம் அங்கம்மா 1950 முதல் 1986 வரை இருந்து வெளியேறினார் என்றது. மற்றக் கடிதம் அங்கம்மா 1986இல் வந்து இன்றுவரை இருக்கிறார் என்றது. இரண்டில் எதைக் கொண்டுபோனாலும் அவர் தொடர்ந்து இருந்தவர் ஆகமாட்டார்.

அந்த நாளை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். பழைய இடாப்பை இறக்கினீர்கள். எண்பத்தாறு தை மாதம் நமுனுகுலப் பக்கத் தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவில் மண் சரிந்து, ஐந்து லயங்களில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பாடசாலைக்கும், பிறகு மறுபக்கத்து லயங்களுக்கும் கொண்டுபோனார்கள். தோட்டத்து இலிகிதர் வழக்கப்படி பழைய காம்பராக்களை மூடி "வெளியேறினர்" என்று எழுதினார். நிலையத்திலிருந்து அனுப்பப்பட்ட ஒருவர் பாடசாலை வராந்தாவில் இருந்து, புதிய காம்பராக்களுக்குப் புதிய வரிகள் எழுதினார். அந்த ஒருவர் நீங்கள். காகிதத்தில் இது குழப்பமே இல்லை. பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். காம்பராவே அடையாளம் என்று இருந்த அட்டவணைக்கோ முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் போய், வேறு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள்.

நிரோஜன் எழுந்து நின்றார். "சேர், நான் யோசிக்காம..." என்று தொடங்கினார்.

"இரும் தம்பி. உம்மட பிழை சின்னன். நிரைக்கு ஒராள் எண்டு நீர் நினைச்சீர். காம்பரா ஓடாது எண்டு சொன்னது நான். காம்பரா ஓடேல்லைத்தான். மலை ஓடினது."

பணிப்பாளர் நல்ல மனிதர். அவசரத்துக்கு ஒரு வழி சொன்னார். அங்கம்மாவுக்கு மட்டும் கையால் ஒரு கடிதம் தட்டி, நீங்கள் கையெழுத்திட்டால் போதாதா? பதிவு எண் இல்லாத கடிதத்தை அந்த ஆண்டு முதல் ஏற்பதில்லை என்பது ஒருபுறம். நீங்கள் சொன்ன காரணம் வேறு. "இவ படியேறி வந்து சண்டை பிடிச்சா. வராத மற்ற முந்நூற்றுப் பதினொரு பேருக்கும் ஆர் கையால எழுதுறது?"

அந்த ஒன்பது நாளில் நடந்ததை விரித்து எழுதினால் இம்மடலின் கண்ணாடிச் சட்டம் கொள்ளாது. குறிப்பாய்ச் சில.

முதல் திருத்தம் நிரோஜனுடையது: பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று. கீழ்ப்பிரிவில் முக்கால்வாசிக் குடும்பங்களுக்கு ஒரே குலதெய்வம் என்பதும், அதனால் அங்கே நாலு அங்கம்மாக்கள் இருந்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. செய்நிரல் நாலு பேரையும் ஒருத்தியாக்கி நாலு கணவர்களையும் அவர் பெயரிலேயே எழுதியது. அந்தத் தாளை வாசித்துக் காட்டியபோது அங்கம்மா சொன்னதை இந்த நிலையம் என்றும் மறக்காது: "நாலு புருசனா? ஒண்ணையே கொழும்புக்கு அனுப்பிட்டுத்தான் மூச்சு விடுறேன்."

இரண்டாவது திருத்தத்துக்குத்தான் நீங்களும் ஸல்மாவும் நிரோஜனும் மூன்று நாள் ஒரே மேசையில் இருந்தீர்கள். முதலில் ஒன்றாக இருந்ததை இரண்டாகப் பிரித்தீர்கள்: ஆள் வேறு, இருப்பு வேறு. ஒரு காம்பராவில் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இருந்தது ஓர் இருப்பு. ஓர் ஆளுக்கு எத்தனை இருப்பும் இருக்கலாம். கல்யாணமாகிப் போனால் ஒன்று, தகரம் மாற்ற லயத்தைக் காலி செய்தால் ஒன்று, மலை சரிந்தால் ஒன்று. பிறகு பாலத்தின் வாசலில் ஒரு கேள்வியை நிறுத்தினீர்கள். நிரையை வாசித்தவுடன் ஆளை உருவாக்கக் கூடாது, "இவரை ஏற்கெனவே உருவாக்கியிருக்கிறோமா?" என்று முதலில் கேட்க வேண்டும். இருந்தால் அந்த அவரையே எடுத்து, இந்த இருப்பை அவர் பெயரில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மட்டுமே புதியவர். உருவானவருக்கு உடனே ஓர் எண். அந்த எண்ணை அவருடைய எல்லா நிரைகளிலும் திரும்ப எழுதிவைக்க வேண்டும், கரண்ட் போனாலும் அவர் போகாதபடி.

ஸல்மா பிறகு சொன்னார்: "இதுக்குப் பெரிய புத்தகத்துல ஒரு பேர் இருக்கு. சேருக்கு அந்தப் பேர் தெரியாது. நான் அந்தப் பாடத்துக்கு இன்னும் வரவே இல்ல."

பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு மூன்றும் ஒன்றாகி, ஒருவர் போன நாளில் மற்றவர் வந்திருந்தால் ஒரே ஆள் என்பது விதி. ஆனால் விதியை நம்பி அச்சிட நீங்கள் விடவில்லை. பட்டியலை எடுத்துக்கொண்டு நமுனுகுலவுக்குப் போய், காலைப் பெரட்டில், கொழுந்துக் கூடையோடு வரிசையில் நின்றவர்கள் முன்னால் ஒவ்வொரு பெயராய் வாசித்தீர்கள். தூரதேசத்துக் கதைகளில் இப்படி ஒரு காட்சி வந்தால் பனி பெய்யும், மணி அடிக்கும். அங்கே பெய்தது வெறும் தூறல். ஒரு கங்காணி மட்டும் "ஐயா, சீக்கிரம் வாசிங்க, தொரை வர்ற நேரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் "இருக்கேங்க" என்றார்கள். இறந்தவர்களுக்கு அவர்கள் பிள்ளைகள் பதில் சொன்னார்கள்.

எட்டாம் நாள் கடிதங்கள் அச்சாகின. முந்நூற்றுப் பன்னிரண்டு சோடிகளில் முந்நூற்று ஒன்பது ஒன்று சேர்ந்தன. எஞ்சிய மூன்றில் இரண்டு அந்த மாதத்துக்குள் தீர்ந்தன. தீராமல் நின்ற ஒன்று, முதலில் படியேறி வந்த அங்கம்மாவுடையது.

காரணத்தையும் நீங்களே கண்டுபிடித்தீர்கள். பழைய நிரையில் அங்கம்மா, தந்தை கருப்பையா. புதிய நிரையில் அங்கம்மா, தந்தை முத்துவேல். முத்துவேல் அவருடைய அண்ணன். எண்பத்தாறில் பாடசாலை வராந்தாவில் நீங்கள் பென்சிலால் எழுதிய தாளில், முத்துவேலின் பிள்ளைகள் மூவரின் பெயர்கள் வரிசையாக இருந்தன. தந்தை என்ற நிரலில் முதற் பிள்ளைக்கு "முத்துவேல்". அடுத்த இருவருக்கும், மேலே உள்ளதே கீழேயும் என்று இலிகிதர்கள் போடும் இரட்டைக் கோடு. நாலாவது வரி அங்கம்மா. அங்கேயும் கை அதே இரட்டைக் கோட்டைப் போட்டுவிட்டது. பத்து ஆண்டு கழித்துத் தட்டச்சிட்டபோது கோடு இருந்த இடத்திலெல்லாம் மேலே இருந்த பெயரை முறையாக நிரப்பினீர்கள். அங்கம்மா தன் அண்ணனுக்கே மகளானார்.

"அப்ப எங்கண்ணிய நான் ஆத்தான்னு கூப்புடணுமாங்க?" என்று கேட்டார் அவர். "அதுக்கு நான் கார்டு இல்லாமலே இருந்துக்கிறேன்."

எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. "காகிதத்தில வரிக்கு மேல வரி இருக்கு, கண் மேல பார்த்துக்கொள்ளும்" என்று நிரோஜனிடம் சொன்னீர்கள். "பொருளுக்கு மேலயும் இல்லை, கீழயும் இல்லை. அது தனிய நிக்கோணும். நான் ஒருத்தியைத் தனிய நிக்க விடாமல் எழுதிப்போட்டன்."

தெரிந்த பிழைதானே, திருத்திவிடலாமே என்று நாங்கள் அனைவரும் சொன்னோம். அப்போதுதான் இன்றுவரை செய்நிரலில் இருக்கும் அந்த விதியை வகுத்தீர்கள். இடாப்பும் நிரையும் முரண்பட்டால், எழுதியவர் தானே திருத்தக் கூடாது. குடும்பத்தாராகவோ நிலையத்து அலுவலராகவோ இல்லாத இருவர், அந்த நாளில் அந்த ஆளைத் தாம் நேரில் கண்டதாகக் கையெழுத்திட வேண்டும். அதுவரை செய்நிரல் அந்த இரு நிரைகளையும் சேர்க்கவும் கூடாது, வேறு வேறு ஆட்களென்று முடிவுகட்டவும் கூடாது. "தீரவில்லை" என்றே வைத்திருக்க வேண்டும். "எனக்கு வசதியான இடத்தில எல்லாம் நான் திருத்தத் தொடங்கினா, நாளைக்கு வசதிக்காக ஒராள் ஆரையும் அழிப்பான்" என்றீர்கள்.

முதற் சாட்சி எளிதில் கிடைத்தார்: பழைய லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்த குணமணி. இரண்டாம் சாட்சிதான் இரண்டு ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை. அந்த வராந்தாவில் நின்ற பெரியவர்களில் பலர் இப்போது இல்லை. சிலர் போன இடம் தெரியவில்லை. இருப்பவர்கள், லயத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை என்பதால், அங்கம்மாவுக்கு உறவுக்காரர்கள். மாதத்தில் ஒருமுறை அவர் பஸ் ஏறி வருகிறார். தான் அழைத்துவந்த தன் லயத்துக்காரர்கள் கடிதம் வாங்கிப் போவதைப் பார்த்துவிட்டு, "என் ரெண்டு ஆளும் சேந்துட்டாளுங்களா?" என்று கேட்கிறார். "இன்னும் இல்லை அம்மா" என்று ஒவ்வொரு முறையும் நீங்களே எழுந்து சொன்னீர்கள். அந்த வேலையை மட்டும் எங்கள் யாரிடமும் விடவில்லை.

அந்த முதல் செவ்வாய்க்கிழமையே அங்கம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். "எழுதுனது நீங்கதானுங்கய்யா. பச்சைக் கொடை வச்சிருந்தீங்க. பேனா நனைஞ்சு போச்சின்னு பென்சில்ல எழுதுனீங்க. எம் மக கைக்கொழந்தை, ஒங்க பென்சிலைப் புடிச்சி இழுத்துருச்சி. நீங்க வையல."

"அவவுக்கு என்னை நினைவிருக்கு" என்று பிறகு எங்களிடம் சொன்னீர்கள். "எனக்கு அவவை நினைவில்லை. முந்நூறு பேர், மழை. நினைவில்லாததை நினைவெண்டு சொல்ல ஏலாது. நினைவிருந்தாலும் நான் அலுவலர், என்ர கையெழுத்துச் செல்லாது." அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

ஐயா, ஆற்றல்களையும் பண்புகளையும் அடுக்கிச் சொல்வது இம்மடலின் முறை. அடுக்கினால் நீங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்பீர்கள். ஆகவே ஆதாரமுள்ள சிலவற்றை மட்டும் சொல்கிறோம். முப்பத்து மூன்று ஆண்டுகளில் பிந்தி வந்த நாட்கள் நாலு. நாலும் பாதையில் மரம் விழுந்த நாட்கள். வகுப்பின் கடைசிப் பரீட்சையில் நீங்கள் வாங்கியது எழுபத்திரண்டு புள்ளி. நிரோஜன் இன்று ஒரு நிரையையேனும் இரண்டு முறை வாசிக்காமல் கடப்பதில்லை. நாம் கொடுக்கும் ஒவ்வொரு வதிவுக் கடிதத்தின் கீழும் "இவர் ஒருவரே" என்ற இரண்டு சொற்கள் அச்சாகின்றன. அது உங்கள் வாசகம். இவை போதும்.

உடல்நலமும் உள்ளநலமும் குறையாது, உற்றாரும் ஊராரும் சூழ, நீங்களும் உங்கள் இல்லத்தரசியாரும் நெடுங்காலம் வாழ வேண்டும். பருத்தித்துறைக்குப் போவீர்களோ பதுளையிலேயே இருப்பீர்களோ எமக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் மழைக்காலத்தில் பச்சைக் குடையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

இனி, வாழ்த்தோடு சேர்ந்த ஒரு விண்ணப்பம்.

சென்ற வெள்ளிக்கிழமை உங்கள் மேசை லாச்சியை ஒதுக்கியபோது எண்பத்தாறாம் ஆண்டுத் தாளை வெளியே எடுத்தீர்கள். ஸல்மா பக்கத்து மேசையில் இருந்தார். நாலாவது வரியில் இரட்டைக் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பென்சில் கீறல் கிளம்பித் தாளின் ஓரம்வரை இழுபட்டுப் போவதை அவரும் பார்த்தார். நீங்கள் அந்தக் கீறலின் மேல் விரலை வைத்து, ஓரம்வரை மெதுவாகக் கொண்டுபோனீர்கள். "சின்னக் கை" என்று சொன்னீர்கள். பிறகு தாளை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டீர்கள். உங்களுக்கு நினைவு வந்ததா, அல்லது கீறலைப் பார்த்து அப்படிச் சொன்னீர்களா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

வரும் பதினெட்டாந் திகதி சனிக்கிழமை ஹல்துமுல்லையில் மறுபடியும் நடமாடும் சேவை. எட்டு நாள் இருக்கிறது. இன்று மாலை ஐந்து மணிக்குப் பிறகு, உங்கள் விதியின்படியே, நீங்கள் இந்த நிலையத்து அலுவலர் அல்ல.

திங்கட்கிழமை வந்த அங்கம்மாவிடம் இதைச் சொன்னோம். அவர் உடனே மகிழவில்லை. "ஐயாவுக்கு நெனப்பு இல்லேன்னா வேணாங்க" என்றார். "கடைசி நாளும் அதுவுமா அவுங்கள பொய் சொல்ல வச்சிராதீங்க." ஆனாலும் இன்று இந்தப் பிரியாவிடைக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். கடைசி வரிசையில், அன்று உங்கள் பென்சிலைப் பிடித்து இழுத்த மகளோடு இருக்கிறார். மகளுக்கு இருபத்தொரு வயது. தாயின் கடிதம் வராமல் அவருக்கும் அட்டை இல்லை.

பத்தாந் திகதி ஓகஸ்ட் இரண்டாயிரத்து ஏழு, வெள்ளிக்கிழமை, பதுளையில் இம்மடலின் கீழே நிலையத்து ஊழியர் பதினொருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். மடலுக்குப் பக்கத்தில், உங்கள் மேசையில் இருந்த அங்கம்மாவின் சாட்சிப் படிவத்தையும் வைத்திருக்கிறோம். அதில் குணமணியின் கையெழுத்துக்குக் கீழே ஓர் இடம் இரண்டு ஆண்டுகளாக வெறுமையாக இருக்கிறது. பேனாவும் இருக்கிறது, பென்சிலும் இருக்கிறது. ஐயா, உங்களுக்கு அந்தக் குழந்தையின் கை உண்மையிலேயே நினைவிருந்தால், அந்த இரண்டாவது இடத்தில் கையெழுத்திட்டுத் தருவீர்களா?